கேட்டுல நின்னா கிச்சன் தெரியுது, சுவர உசத்தலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்த விட்டுட்டு, தாமான்னு சொல்ற வீடமைப்புப் பகுதியில, பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டி வரிசையா கட்டின மாடி இல்லாத டெரஸ் வீட்டுக்கு வந்த ஒரு அக்கா கேட்டிருக்காங்க. கேட்டுல நின்னா அடுப்பு வரைக்கும் தெரியுதாம், பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்டு எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) எழுதப்போற மகளால படிக்க முடியலயாம், முன் சுவர எட்டடிக்கு உசத்தலாமான்னு கேள்வி.

வேணாம்க்கா. பார்வை வேற, சத்தம் வேற. சுவர உசத்தினா ஹாலுக்கு காத்தும் வெளிச்சமும் போயிடும், மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) அனுமதி இல்லாம கட்டுனா நோட்டீஸ் வரலாம், பக்கத்து வீட்டு டிவி மட்டும் அப்படியே கேக்கும்.

டெரஸ் வீடு ஒடுக்கமா நீளமா இருக்கும், முன்வாசலுக்கு நேரா கிச்சன் வாசல வெச்சிடுறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆள் உசரத்துக்கு ஒரு மரச்சட்டத் தடுப்பு போதும். சாமி மேடைய அங்க தள்ளிடாதீங்க, சொல்லிட்டேன். ஜன்னலுக்கு டின்டட் ஃபிலிம் ஒட்டுனா பகல்லதான் மறைக்கும், ராத்திரி உள்ள லைட்டு போட்டா ரோட்டுல போறவங்களுக்கு எல்லாமே தெரியும், கர்ட்டனும் வேணும்.

சத்தம்தான் கஷ்டம். லயத்துல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பெரட்டு (காலையில வேலைக்கு ஆள் கூடுறது), ஒரே நேரத்துல தூக்கம், அதனால பெருசா உறுத்தல, தாமான்ல ஒருத்தர் ஷிஃப்ட் முடிஞ்சு நடுராத்திரி வந்துதான் டிவியே போடுறார். 1984 கட்டட விதிப்படி ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் 200 மில்லிமீட்டர் கனம் இருக்கணும், ஆனா கான்கிரீட் ஃபிரேம் வெச்ச டெரஸ், பிளாட்டுக்கு 100 போதும்னு சலுகை உண்டு. அதவிட முக்கியம், டார்ச் அடிச்சு சீலிங் ஓட்டை வழியா மேல பாருங்க. சுவர் கூரையத் தொடாம சீலிங்கோட நின்னிருந்தா பேச்சு அதுக்கு மேல ஏறி இந்தப் பக்கம் இறங்கும், அந்த இடைவெளிய கான்ட்ராக்டர வெச்சு செங்கல்ல அடைச்சிடுங்க, தீ பரவாம இருக்கவும் அது வேணும். மகளோட மேசைய அந்தச் சுவர்ல இருந்து நகத்திட்டு அங்க துணி அலமாரிய வெய்ங்க, கதவுக்கு அடியில ரப்பர் போடுங்க. முட்டை அட்டை ஒட்டச் சொல்றவங்கள நம்பாதீங்க, ரூமுக்குள்ள எதிரொலி கொஞ்சம் கொறையலாம், பக்கத்து வீட்டு சத்தத்த அது தடுக்காது.

தங்கச்சி பிபிஆர் பிளாட்டுக்கு, அதாவது அரசாங்கத்தோட மலிவு அடுக்குமாடிக்கு, போறதாவும் எழுதியிருந்தீங்க. அங்க பெரும்பாலும் 700 சதுர அடி அளவுல 3 ரூம், பல பிளாக்குல முன் ஜன்னல் நேரா காரிடார்லதான் தொறக்கும். நாக்கோ ஜன்னலா (கண்ணாடிப் பட்டைகள அடுக்கி வெச்ச ஜன்னல்) இருந்தா கீழ் கண்ணாடிகள மட்டும் மங்கல் கண்ணாடியா மாத்தினா ஆள் தெரியாது, மேல காத்து வரும். யூனிட் கேக்க முடிஞ்சா லிஃப்ட், படிக்கட்டு பக்கம் வேணாம், காரிடார் கடைசியில கேக்கச் சொல்லுங்க, முன்னாடி நடக்குறவங்க கொறைவு.