கடலோரம் நடக்கலாம் வாங்க: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு இரண்டு நாள் பயணம். கடற்கரைச் சாலையில் நடக்க எந்த நேரம் சரி? காலையா, மாலையா?
– வாசகி, திருப்பூர்

காலைதான். அந்தச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் எல்லோரும் மாலையில்தான் போகிறார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் நடை என்பது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி நகர்வதுதான். விடியலில் அதே சாலை உங்களுக்கே சொந்தம். ஜனவரிக் கடைசியில் சூரியன் ஏறக்குறைய 6.35க்கு எழும், ஜூன் தொடக்கத்தில் 5.45க்கே எழுந்துவிடும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் நின்றால்தான் வானத்தின் நிறம் கிடைக்கும்.

மொத்த நீளம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். தெற்கே டூப்ளே சிலை இருக்கும் பூங்காப் பக்கம் தொடங்கி வடக்கே நடங்கள். கடல் வலது கைப்பக்கம் வரும். குழந்தைகளோடு போனாலும் போக வர ஒரு மணி நேரம் போதும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச்சின்னம் எல்லாம் வழியிலேயே வரும். தேடி அலைய வேண்டாம். ஏழரைக்கு வண்டிகள் வரத் தொடங்கியதும் உள்தெருக்களுக்குள் திரும்பிவிடுங்கள். நிழலும் அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: கரையோரக் கருங்கற்கள் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அலை தொடும் உயரம் வரை பாசி படிந்திருக்கும். காய்ந்த கல்லும் ஈரக் கல்லும் பார்க்க ஒரே கறுப்பாகத் தெரியும், காலை வைத்த பிறகுதான் வித்தியாசம் புரியும்.

மெரினாவில் கால் ஓயும் அளவுக்கு மணல். புதுச்சேரியில் சாலையை ஒட்டி வெறும் கல். ஒரே கடல்தானே, ஏன் இப்படி?
– வாசகர், விழுப்புரம்

நல்ல கேள்வி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: துறைமுகச் சுவர்.

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் இது திரும்பும். ஆனால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கடலுக்குள் ஒரு சுவர் எழுந்தால், அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அலை அரிப்பது நிற்காது.

சென்னைத் துறைமுகச் சுவர்கள் 1870களின் பிற்பகுதியில் எழத் தொடங்கின. மெரினா அதற்குத் தெற்கே இருப்பதால் மணல் குவிந்து அகன்றது. வடக்கே இருந்த ராயபுரம் பக்கம் கரை அரித்து, கல் கொட்ட வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நகரம் அதற்கு வடக்கே. ராயபுரத்துக்கு நேர்ந்தது அங்கே திரும்ப நடந்தது.

இப்போது தலைமைச் செயலகத்தின் அருகே கொஞ்சம் மணல் பார்க்கிறீர்களே, அது தானாக வந்ததல்ல. 2018இல் அங்கே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் பெரிய எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கி வைத்தார்கள். அலையின் வேகம் அதில் உடைய, மணல் பின்னால் தங்கியது. அந்த மணலில் உட்காரலாம், விளையாடலாம். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம், நீருக்கடியில் எஃகும் கல்லும் கிடக்கின்றன.

அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். கடல் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. மெரினா மரப்பாதை உண்மையிலேயே பயன்படுமா?
– வாசகி, மதுரை

பயன்படும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் குறுக்கே கடலை நோக்கிப் போகிறது அது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரு பக்கமும் கைப்பிடி. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் தாராளமாக விலகலாம். 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்க முனையைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். ஆகவே புயலோ பெருமழையோ அடித்து ஓய்ந்த வாரத்தில் மதுரையிலிருந்து கிளம்பாதீர்கள்.

போவதற்கு முன் சில விஷயங்கள். நாற்காலியின் முன்சக்கரம்தான் எப்போதும் தொல்லை தரும். அது சின்னது, பலகை இடுக்கிலோ பாதைமேல் காற்று சேர்த்த மணலிலோ திரும்பி நின்றுகொள்ளும். அந்த இடத்தில் முன்னோக்கித் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் வரும்படி பின்பக்கமாக இழுத்துக் கடந்துவிடுங்கள். இடுப்புப் பட்டி கட்டாயம். கடைசி முனையில் நிறுத்தியதும் இரண்டு பக்க பிரேக்கையும் போடுங்கள். கடற்காற்று சில நேரம் நாற்காலியையே மெல்ல நகர்த்தும்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஐந்துக்கு முன் வேண்டாம். பாதையில் நிழல் இல்லை, பலகையும் கைப்பிடியும் சுடும். காலை ஆறரை மணி இன்னும் நல்லது. கூட்டம் இராது. ஆனால் கிழக்குப் பார்த்த கரை என்பதால் வெயில் நேரே கண்ணில் விழும், தொப்பி வேண்டும். வீடு திரும்பியதும் சக்கர அச்சுகளை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் பேரிங் சில வாரத்திலேயே கிறீச்சிடத் தொடங்கும்.

பெசன்ட் நகர் கடற்கரையிலும் இதேபோல் ஒரு பாதை இருக்கிறது.

கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்துக்குக் கரையிலிருந்தே நடந்து போகலாமா?
– வாசகர், ஈரோடு

முடியாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பாலம் கரைக்கும் பாறைக்கும் இடையில் இல்லை. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் இருக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30 அன்று திறப்பு. கரையிலிருந்து பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து நடந்து வள்ளுவரிடம் போக வேண்டும்.

இந்தப் பாலத்தின் பெரிய பலன் படம் எடுப்பது அல்ல. முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பாறைக்குப் படகு அணைய முடியாது, அந்தச் சேவையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். விவேகானந்தர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, எதிரே நிற்கும் வள்ளுவரை எட்டி நின்று கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கடல் சீற்றமாக இருந்தால் மொத்தப் படகும் நிற்கும், அதற்கு மாற்று கிடையாது. வழக்கமாகக் காலை 8 மணிக்குப் படகு தொடங்கும். சூரிய உதயம் பார்த்த கையோடு, இட்லியைத் தள்ளிப்போட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு வந்தால் பாதி நாள் வரிசையிலேயே போகும்.

சூரியன் கடலுக்குள் மறைவதையும் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வாருங்கள். கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்து நிலத்தின் பக்கம் மறையும்.

ஜூன் மாதம் தனுஷ்கோடி போகிறோம். அரிச்சல்முனையில் எந்தப் பக்கம் நடப்பது?
– வாசகர், சேலம்

வடக்குப் பக்கம், அதாவது பாக் விரிகுடா. உள்ளூரில் இதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். ஜூனில் தென்மேற்குக் காற்று நேராக ஆண்கடலில் அடிக்கும். அலை ஆளைத் தூக்கும். பெண்கடல் அப்போது குளம்போல் கிடக்கும். டிசம்பரில் போனால் கதை தலைகீழ்: வாடைக்காற்றில் வடக்குப் பக்கம் குமுறும், தெற்கு அடங்கும். எந்த மாதமானாலும் நிலம் முடியும் அந்தக் கூர்முனையில் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு பக்க நீரோட்டமும் அங்கே சந்திக்கின்றன.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். அத்தனையையும் நடக்க நினைக்காதீர்கள், நிழல் என்று ஒன்று இல்லை. பழைய ஊரில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் அருகே இறங்கி அந்தச் சுற்றில் அரை மணி நடங்கள். மறுபடி வண்டியேறி முனைக்குப் போய் இன்னொரு அரை மணி. ஜூன் காற்றில் மணல் பறந்து கால்களில் ஊசியாய்க் குத்தும், அரைக்கால் சட்டை வேண்டாம். கண்ணாடி போடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். மாலையில் போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே மதியம் மூன்றுக்குள் முனையில் இருங்கள்.

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். முழங்கால் வலி உண்டு. கடலோரமாக எளிய நடை இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

சாங்கி முனைக் கடலோரப் பாதை. 2.2 கிலோமீட்டர், பெரும்பகுதி மரப்பலகைப் பாதை, ஓரிடத்தில் தூண்கள் ஊன்றிக் கடல்மேலேயே போகிறது. சாங்கி வில்லேஜ் பேருந்து நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் தொடங்கிவிடும். முழுவதும் போக வேண்டியதில்லை, திரும்பி வந்து உணவங்காடியில் சாப்பிடலாம். மழை நின்ற உடனே மட்டும் வேண்டாம், பலகை வழுக்கும்.

மகள் உபின் தீவின் செக் ஜாவாவுக்குக் கூப்பிட்டால் யோசியுங்கள். பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் படகுத்துறையிலிருந்து அங்கே போகவே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வேன் கிடைத்தால் போங்கள். கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமா என்று அலை அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் வற்றினால்தான் நண்டும் நட்சத்திர மீனும் தெரியும். நம் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அங்கே மூன்று மீட்டர் வரை போகும். நேரம் தவறினால் வெறும் தண்ணீர்.

கடலோர நடைக்கு ஷூவா, செருப்பா?
– வாசகர், நாமக்கல்

மணலுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறிய பிறகு மாட்டுங்கள். பலகைக்கும் கல் பாதைக்கும் பின்பட்டி உள்ள, அடியில் வரிவரியாகப் பள்ளம் தேயாத ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு ஈரப் பலகையில் சறுக்கும். துணி ஷூ உப்புத் தண்ணீர் குடித்தால் அன்று முழுக்கக் காயாது.