எழுத்து போகிறது, பெரிய படம் மட்டும் போகவில்லை: கடலூர் நண்பருக்கு

வணக்கம். முதுநகர் கடைக்கும் ஐஸ் குடோனுக்கும் நடுவே பிராசடி என்ற அரட்டை சர்வர் போட்டிருக்கிறீர்கள். செய்தியும் சின்னப் படமும் போகின்றன, போன் கேமராவில் எடுத்த மீன் பெட்டிப் படம் மட்டும் 413 பிழையோடு (கோப்பு மிகப் பெரியது என்று பொருள்) நின்றுவிடுகிறது. அதுதானே?

பிராசடி மேல் தப்பில்லை. படம் அரட்டை இணைப்பு வழியாகப் போவதே இல்லை. செயலி முதலில் கோப்பின் பெயரையும் அளவையும் சொல்லி இடம் கேட்கும். சர்வர் இரண்டு முகவரி தரும், ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. ஏற்றுவது இணையப் பக்கங்கள் போகும் சாதாரண எச்டிடிபியில். அங்கேதான் பிராசடிக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மறிக்கிறது. நாமாகச் சொல்லாதவரை அது 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. அதன் கான்ஃபிக்கில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' வரியை 50 எம்பி ஆக்கி ரீலோடு கொடுங்கள். வரி இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவும் அனுப்புவீர்கள் என்றால் பிராசடியின் 10 எம்பி வரம்பையும் கூட்ட வேண்டும். அதைத் தாண்டினால் இடம் கேட்கும்போதே மறுத்துவிடும், 413 வரை போகாது.

அப்புறம், ஏற்றிய கோப்பு ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். அந்தக் கெடுவை எடுத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் என் வீட்டு சர்வரில் எடுத்தேன்; ஒரே கல்யாண வாரத்தில் டிஸ்க் நிரம்பி செய்தியும் நின்றது. ஓமெமோ என்ற பூட்டு (குறியாக்கம்) போடாமல் அனுப்பும் பில் படத்தை அதன் இறக்கும் முகவரி கிடைத்த யாரும் திறக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 413 வந்தால் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.