ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் முன் சஸ்பென்ஷன்: கேட்டதும் சொன்னதும்

பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காருக்கும், இங்கிலாந்தில் 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் முன்பக்கம் ஒரே வம்சம். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கார்புரேட்டர், பெயின்ட், ஆர்சி புத்தகம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், இன்றைக்கு முன் சஸ்பென்ஷன் மட்டும்தான். கேட்டவர்களை அவரவர் ஏரியா பெயராலேயே குறித்திருக்கிறேன்.

அடையாறு: சார், பல வருடமாக ஷெட்டில் நின்ற ஸ்பிட்ஃபயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் எதையும் கழற்றாதீர்கள். ஜாக்கி போட்டு, சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேலே பால் ஜாயின்ட், இல்லையென்றால் கீழே டிரனியன். இந்த வண்டியில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்னால் சாய்ந்துவிடும் என்பதால், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எது அசைகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். வேறு எந்த வண்டியிலும் இந்த வசதி எனக்குக் கிடைத்ததில்லை.

டிரனியன் தெரியாதவர்களுக்கு: சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் துண்டுதான் வெர்டிகல் லிங்க். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அது பித்தளைக் கட்டை ஒன்றுக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி, அவ்வளவு திருப்பத்தையும் வாங்கிக்கொள்வது அந்தச் சின்ன மரைதான். அதில் எண்ணெய் வற்றி, தண்ணீர் புகுந்து துரு பிடித்தால், வெர்டிகல் லிங்க் மரை இருக்கும் இடத்திலேயே முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். நின்ற வண்டி என்பதால் இரண்டு பக்கமும் கழற்றி, மரையை மண்ணெண்ணெயில் கழுவி, துருக்குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் வெர்டிகல் லிங்கைத் தூக்கிப் போடுங்கள். புதுப் பித்தளைக்குள் பழைய துரு மரையைத் திருகுவது காசுக்குப் பிடித்த கேடு.

வேளச்சேரி: ஸ்பிரிங்கை வெளியே எடுக்க ஏதாவது விசேஷக் கருவி வேண்டுமா அண்ணா?

பதில்: வெளியே எடுக்கக் கருவி வேண்டாம், ஷாக் அப்சார்பரிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கத்தான் வேண்டும். மேலே சுற்றியிருக்கும் மூன்று சின்ன நட்டையும் கீழே உள்ள நீள போல்ட்டையும் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வந்துவிடும். நடுவில் ஒற்றையாக நிற்கும் நட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பதே அதுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் அதைத் தளர்த்தினால் தாடை போய்விடும்.

பெரம்பூர்: நான் மெக்கானிக். நாற்பது வருஷமா டிரனியனுக்கு கிரீஸ்தான் அடிக்கிறேன். ஒரு வண்டியும் முறியல. சும்மா பயமுறுத்தாதீங்க.

பதில்: வாங்க அண்ணே, எதிர்பார்த்த கேள்விதான். ட்ரையம்ஃப் கையேடு கியர் ஆயில் ஊற்றத்தான் சொல்கிறது, கிரீஸ் இல்லை. பித்தளைக்குள் இரும்பு திரும்பும் இடம், இடைவெளியும் ரொம்பக் குறைவு. எண்ணெய் மரை முழுக்க ஏறிப் பரவும். கிரீஸ் போகும் பாதையில் மட்டும் நின்று நாளாக ஆகக் கட்டியாகும், அப்புறம் புதுசு அடித்தாலும் அந்தக் கட்டியைத் தாண்டிப் போகாது. பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, எண்ணெய் ஏற்றும் நிப்பிளைப் போட்டு, கன்னில் இபி 90 கியர் ஆயில் ஊற்றி, மேல் சீல் ஓரத்தில் எண்ணெய் கசியும் வரை அடியுங்கள். அவ்வளவுதான் வேலை.

அண்ணா நகர்: சார், டிரனியனுக்கு கிரீஸா, ஆயிலா?

பதில்: ஆயில். மேலே பாருங்கள்.

பெரம்பூர்: மோரிஸ் மைனர்லயும் மரை வச்ச டிரனியன்தான். அதுக்கு கிரீஸ்தானே? அது மட்டும் எப்படி ஓடுது?

பதில்: நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். மைனரை கிரீஸுக்கென்றே வடிவமைத்தார்கள், நிப்பிளும் நிரந்தரமாக அதிலேயே இருக்கிறது. அதிலும் கிரீஸ் அடிக்காமல் விட்டால் சக்கரம் மடங்கத்தான் செய்யும், மைனர்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கையில் ஒன்றும் முறியாததற்கு நீங்கள் அடிக்கடி அடித்ததுதான் காரணமாக இருக்கும். உங்களை மாதிரி அடிப்பவர் எத்தனை பேர்? நான் பயப்படுவது, ஒரு தடவை கிரீஸ் அடித்துவிட்டு அஞ்சு வருடம் மறந்துபோகிற ஆளை நினைத்து.

பெரம்பூர்: ஆயில் கீழே ஒழுகிப் போகுதே?

பதில்: அடியில் தகடு மூடி ஒன்று இருக்கிறது, அது தளர்ந்தால் ஒழுகும். மூடியை மாற்றுங்கள் அண்ணே. மூடி ஒழுகுகிறது என்று எண்ணெயையே மாற்றுவது என்ன நியாயம்?

அம்பத்தூர்: எங்களுடையது லேத் பட்டறை. மாதிரி கொடுத்தால் டிரனியனை இரும்பிலேயே கடைந்து தருகிறோம், பித்தளையை விட உறுதி.

பதில்: வேண்டாம். தேய வேண்டியது பித்தளைதான், அதனால்தான் அதைப் பித்தளையில் போட்டான். இரும்போடு இரும்பு உரசினால் வெர்டிகல் லிங்க் தேயும். இன்னொன்று, ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் கிடைத்தாலும் எந்தப் பக்கத்தது என்று மரையைத் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

முடிச்சூர்: 2015 வெள்ளத்தில் ஹப் வரை தண்ணீரில் நின்ற ஹெரால்டு. அப்புறம் அதிகம் ஓட்டவில்லை.

பதில்: இனியும் ஓட்டாதீர்கள், பிரிக்கும் வரை. அடையாறுக்காரருக்குச் சொன்னது முழுக்க உங்களுக்கும். கூடவே வீல் பேரிங்கைக் கழுவிப் பார்த்து, புள்ளி விழுந்திருந்தால் மாற்றுங்கள். மாட்டும்போது நட்டை இறுக்கி அப்படியே விடக் கூடாது, கொஞ்சம் தளர்த்தி, லேசான ஆட்டம் வைத்து, புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.

திருவான்மியூர்: புது ரப்பர் புஷ் போட்டேன், ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம். ஆனால் ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கை) போல்ட்டை இறுக்கினீர்களா? இறுக்கியிருந்தால் வண்டி இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், எந்தக் கடைப் புஷ்ஷும் தாங்காது. போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கிவிட்டு, சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

மயிலாப்பூர்: எம்ஜிபி காருக்கும் டிரனியன் ஆயில் ஊற்றலாமா?

பதில்: அது கிங் பின் வண்டி, கிரீஸ். பெரம்பூர் அண்ணனிடம் போங்கள்.

குரோம்பேட்டை: டிரனியன் கிரீஸ் எந்த பிராண்டு நல்லது?

பதில்: ஐயா...

தாம்பரம்: எல்லாம் மாட்டியாச்சு அண்ணா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் ஒரு பக்கம் இறுகுது.

பதில்: வெர்டிகல் லிங்கை டிரனியனுக்குள் கடைசி வரை திருகி அப்படியே விட்டிருப்பீர்கள். முழுக்கத் திருகின பிறகு கொஞ்சம் பின்னால் திருப்பி, இரண்டு பக்கமும் முழு லாக் வரை தடையில்லாமல் திரும்புகிறதா என்று கையால் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இப்போது இறுகுகிற நிலையில் ஓட்டாதீர்கள், மரையை அது முறித்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். கீழ் ஆர்ம் பிராக்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஷிம் எனும் இடைத் தகடுகளை எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைத்திருந்தால், கேம்பருக்கு (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பாதி வேலை முடிந்தது.