“நாறுது” என்று சொன்ன பையனுக்கும் அவன் அம்மாவுக்கும்

கோயம்புத்தூரிலிருந்து பினாங்குக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு, ஆறு வயதுப் பையன் என்று எழுதியிருந்தீர்கள். நோன்புப் பெருநாளன்று எதிர்வீட்டு மலாய் அம்மா ஒரு டப்பாவில் சம்பால் பெத்தாய் (வாடை தூக்கும் பெத்தாய்க் கொட்டையை மிளகாய் விழுதில் வதக்கியது) கொண்டுவந்து நீட்ட, பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதுவும் அவருக்குப் புரியும்படி ஆங்கிலத்திலேயே, “டாய்லெட் மாதிரி நாறுது” என்று சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் அவனைத் தனியே கூப்பிட்டு “நல்லா இருக்குன்னு சொல்லணும்டா” என்று திட்ட, அவன் “அப்ப பொய் சொல்லலாமாப்பா?” என்று கேட்க, அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. பொய்யே சொல்லாதே என்று வளர்த்த பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, இங்கே யாரும் எதையும் நேராகச் சொல்லாமல் சிரித்தே சமாளிக்கிறார்களே, பிள்ளை எதைத்தான் கற்றுக்கொள்ளும் என்பது உங்கள் கேள்வி.

முதலில் பெத்தாய் விஷயம். அது நாறும், தங்கச்சி. பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், இப்போது விரும்பியே சாப்பிடுகிறேன், ஆனாலும் சாப்பிட்ட மறுநாள் குளியலறை காட்டிக்கொடுத்துவிடும். இது அந்த அம்மாவுக்கும் தெரியும். உங்கள் பையன் அவருக்குப் புதுச் செய்தி ஒன்றும் சொல்லிவிடவில்லை. அதனால் அவர் வரும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பையன் சொன்னதைவிட அதுதான் அவருக்கு வலிக்கும்.

என் கதை இதைவிட மோசம். என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. சீனப் புத்தாண்டுக்கு மேல்வீட்டுப் பாட்டி கூப்பிட்டிருந்தார். இரண்டு கையாலும் ஆங் பாவ், அதாவது புத்தாண்டுப் பணம் வைத்த சிவப்பு உறையை நீட்டுகிறார், நம்ம ஆள் ஒரு கையால் பிடுங்கி, அங்கேயே, கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, கிழித்துப் பார்த்து “ரெண்டு வெள்ளிதானா? அந்த வீட்டு அங்கிள் பத்து வெள்ளி கொடுத்தாரே” என்றாள். வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட். தமிழில் சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். உறையைக் கொடுப்பவர் முன்னால் திறக்கக் கூடாது, இரண்டு கையால் வாங்க வேண்டும், பணம் இரட்டைப்படையில்தான் இருக்கும், அந்தப் புதுத்தாளுக்காகவே பாட்டி வங்கியில் வரிசையில் நின்று மாற்றி வாங்கியிருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வெள்ளி என்பது ஒரு வாழ்த்து, கூலி இல்லை என்பதெல்லாம் எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். பாட்டி கைகொட்டிச் சிரித்து “கெட்டிக்காரி, கணக்கு வருது” என்றார். எனக்கு லிப்ட் வரும் வரைக்கும் காது சூடாகவே இருந்தது.

அன்று இரவு நான் செய்ததுதான் உங்கள் வீட்டுக்காரர் செய்தது. “யார் எது கொடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும், பிடிக்கலைன்னாலும் சொல்லணும், அவங்க மனசு நோகக் கூடாது” என்று கண்ணை உருட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளையும் சரி என்றாள். நாலைந்து மாதம் கழித்து வாசல் செருப்பு அலமாரியைச் சுத்தம் செய்தபோது மழைக்காலச் செருப்புக்கு அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. ஸ்பெல்லிங் டெஸ்ட், பத்துக்கு நாலு. நல்லா எழுதினேன் என்று எனக்குச் சொன்ன அதே டெஸ்ட். கூப்பிட்டுக் கேட்டால், அழக்கூட இல்லை, நிதானமாகச் சொல்கிறாள்: “நீங்க மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா அப்படிச் சொன்னேன்.”

அடிக்கக் கை வரவில்லை, அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று எடுத்துச் சொல்ல வாயும் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் யோசித்துத்தான் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன், இன்றைக்கும் அதுதான் எங்கள் வீட்டில் ஓடுகிறது: இந்தச் சொல்லால் தப்பிப்பது யார்? டெஸ்ட் தாளை ஒளித்தால் தப்பிப்பது நீ. பாட்டி கொடுத்த இரண்டு வெள்ளியை எண்ணாமல் உறையோடு பைக்குள் வைத்தால் சங்கடத்திலிருந்து தப்பிப்பது பாட்டி. ஐந்து வயதுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள், புரிகிறது. சில நேரம் நம்மையே மடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். ஒருமுறை போனில் எனக்குப் பேசப் பிடிக்காத ஒருவர் கூப்பிட, “அம்மா தூங்குறாங்கன்னு சொல்லு” என்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு “இதுல தப்பிக்கிறது யாரும்மா?” என்றாள். எழுந்து போய்ப் பேசினேன், வேறு வழி? பிள்ளையின் வாயில் நம் பொய்யை வைப்பதை அன்றோடு விட்டேன். உங்கள் வீட்டிலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன், பெத்தாய் அப்புறம்.

இன்னொன்று, பையனிடம் “நல்லா இருக்குன்னு சொல்லு” என்று கேட்கவே வேண்டாம். வாயில் வைக்காத பண்டத்தை நல்லா இருக்கு என்றால் அது ஆறு வயதுக்குப் பொய்தான், அவன் கேட்டது நியாயம். ஆனால் அந்த இடத்தில் சொல்ல நிஜமாகவே வேறு ஒன்று இருந்தது. அந்த அம்மா தன் பெருநாள் சமையலில் உங்களுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்து, கதவைத் தட்டி, கையில் கொடுத்திருக்கிறார். “எங்களுக்குன்னு கொண்டு வந்தீங்களா, தெரிமா காசே மக்சிக்” (நன்றி அத்தை) என்பதில் பொய் எங்கே இருக்கிறது? வாசனையைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே. பத்து உண்மை இருக்கிற இடத்தில் எந்த ஒன்றை எடுத்து நீட்டுவது என்பதுதான் பிள்ளைக்குப் பழக வேண்டியது. மக்சிக் என்ற சொல்லையும் விடாமல் பழக்குங்கள். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் ‘யூ’ என்கின்றன. மலாயில் பெரியவர்களை அப்படி முன்னிலையில் சுட்டாமல் மக்சிக் (அத்தை), பக்சிக் (மாமா) என்று முறை வைத்தேதான் பேசுவார்கள். நீ, நீங்கள் வித்தியாசம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைத்தால், நம் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். யார் வீட்டிலிருந்தாவது கிளம்பும்போது “போறேன்” என்று சொல்லியிருக்கிறோமா? இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்த வீட்டிலும் “போயிட்டு வர்றேன்”தான். என் பாட்டி அரிசிப் பானை காலியானால் “அரிசி நிறைஞ்சிருக்கு” என்பார், விளக்கை அணை என்று சொன்னால் திட்டுவார், குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் தகுதி வழக்கு என்று மனப்பாடம் செய்தோமே, மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி, அதில் முதல் இரண்டும் இதுதான். ‘கால் கழுவி வந்தேன்’ என்பதைப் பொய் என்று எந்தத் தமிழ் வாத்தியாரும் மதிப்பெண் குறைத்ததில்லை. பையனுக்கு நான் சொன்ன எதுவும் ஏறவில்லை என்றாலும் “போயிட்டு வர்றேன்” ஏறும், அதை வைத்தே ஆரம்பியுங்கள்.

இங்கே யாரும் நேராகச் சொல்வதில்லை என்கிறீர்கள். சொல்கிறார்கள், நமக்குக் காது பழகவில்லை. வந்த புதிதில் என் பெண்ணின் பிறந்தநாளுக்கு இவருடைய தொழிற்சாலை ஆட்கள் இருபது குடும்பத்தைக் கூப்பிட்டோம். இன்ஷா அல்லாஹ், பார்ப்போம், முயற்சி பண்றேன் என்று எல்லாரும் சிரித்த முகமாகச் சொன்னார்கள். எட்டுக் குடும்பம் வந்தது, மூன்று நாள் பிரியாணி சாப்பிட்டோம். ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்குக் கோபம். பக்கத்தில் இருந்த இந்த ஊர்த் தமிழ் அக்கா ஒருவர்தான் சிரித்துக்கொண்டே, “உங்க மாமியார்கிட்ட தீபாவளிக்கு ஊருக்குப் போலாமான்னு கேட்டா ‘பார்க்கலாம்’னு சொன்னா என்ன அர்த்தம்லா?” என்று கேட்டார். அன்றைக்குத் தெளிந்தது. இன்ஷா அல்லாஹ் என்று மனதார நினைத்துச் சொல்லி, சொன்னபடி வந்து நிற்பவர்களும் உண்டு, அது நாள் கணக்கில்தான் பிடிபடும். அதே மாதிரி “டா மாக்கான்?”, சீனர்கள் ஹொக்கியனில் கேட்கும் “சியாக் பா போய்?”, இந்த ஊர்த் தமிழர்களின் “பசியாறிட்டீங்களா?” எல்லாம் சாப்பாட்டு விசாரணை மட்டும் இல்லை, வணக்கம் மாதிரி. என் பெண் ஒருநாள் லிப்டில் “இல்ல ஆன்ட்டி, அம்மா இன்னும் சமைக்கவே இல்ல” என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் ஒரு பெரிய கிண்ணம் மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) வாசலில் வந்து நின்றது.

மேல்வீட்டுப் பாட்டியின் அன்னாசி டார்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நல்லா இருக்கு என்றால் அவர் உடனே “ஐயோ, கருகிப் போச்சு, இந்த வருஷம் சரியா வரல” என்பார். என் பெண் என்னைப் பார்த்து “பாட்டியே நல்லா இல்லைங்கிறாங்க, நீங்க ஏன் நல்லா இருக்குங்கிறீங்க?” என்று கேட்டாள். பாட்டி சொன்னது தன்னடக்கம். இதைப் பற்றியே காங் லீ என்ற உளவியலாளர் குழுவோடு சேர்ந்து கனடாப் பிள்ளைகளையும் சீனப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தான் செய்த நல்ல காரியத்தை நான் செய்யவில்லை என்று மறைப்பதைச் சீனப் பிள்ளைகள் வயது ஏற ஏற நல்ல குணமாக மதித்தார்கள், கனடாப் பிள்ளைகளுக்கு அது பொய்யாகத்தான் பட்டது. அதே லீயும் விக்டோரியா டால்வாரும் 2002-இல் வெளியிட்டது இன்னும் வேடிக்கை. மூக்கில் பளிச்சென்று ஒரு கறையோடு ஒருவர் வந்து, போட்டோ எடுக்குமுன் நான் நல்லா இருக்கேனா என்று 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறார். பெரும்பாலான பிள்ளைகள் நல்லா இருக்கு என்றன, அவர் போன பிறகு இன்னொருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டன. ஆக இது நாம் ஊட்டித்தான் வர வேண்டும் என்பதில்லை, தானாகவும் வரும். எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் பெற்றவர்கள் வேண்டும்.

மரியாதை இந்த நாட்டில் மேல்பூச்சு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31 அன்று ருக்குன் நெகாரா என்று ஐந்து கோட்பாடுகளை அறிவித்தார்கள். பள்ளி சபைகூடலில் பிள்ளைகள் சொல்கிற அந்த ஐந்தில் கடைசி நன்னடத்தையும் ஒழுக்கமும். மலாயில் மரியாதைக்குப் பேர் பூடி பஹாசா, நம் புத்தியும் பாஷையும்தான் அங்கே போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே மாடியில் மாட்டிறைச்சி தொடாத வீடு, பன்றி தொடாத வீடு, இரண்டையும் சாப்பிடுகிற வீடு என்று கதவோடு கதவு ஒட்டி இருக்கும்போது, மூக்கைப் பிடிக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

சரி, எங்கே நிறுத்துவது. டாக்டரிடம் மரியாதைக்காக “வலிக்கல” என்று சொல்லக் கூடாது. வகுப்பில் புரிந்ததா என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்களே என்று தலையாட்டக் கூடாது, அந்தப் பத்துக்கு நாலு அப்படி வந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை கடலை அரைத்துச் செய்த சாத்தே குழம்பை யார் மனதுக்காகவும் நக்கிப் பார்க்க வேண்டியதில்லை. பெரியவர் கையைத் தொட்டு சலாம் செய்யட்டும், நல்ல பழக்கம், ஆனால் யாராவது கட்டிப்பிடிப்பதோ மடியில் உட்காரச் சொல்வதோ பிடிக்கவில்லை என்றால் “வேண்டாம்” என்று பளிச்சென்று சொல்லலாம், அம்மாவிடம் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இந்த இடங்களில் எவர் முகம் வாடினாலும் வாடட்டும். பையனிடம் இதை மட்டும் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள், நான் என் பெண்ணிடம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது திருப்பிச் சொல்வேன்.

அந்த டப்பா இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடமும் இல்லை. முறுக்கோ அதிரசமோ போட்டு, சைவம் என்று ஒரு வார்த்தை சொல்லி, பையன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மன்னிப்பு கேட்கச் சொல்லி முதுகில் தட்டாதீர்கள், வாசலில் நின்று மிரண்டு போவான். வலது கையால் கொடுக்கட்டும், இடது கையை அடியில் தாங்கிக்கொண்டாலும் சரி. எது நம் வீடு என்று காட்ட வேண்டி வந்தால் ஆட்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டச் சொல்லுங்கள், இங்கே அதுதான் மரியாதை. பெத்தாய் எப்படி இருந்தது என்று அந்த அம்மா கேட்டே விட்டார் என்றால் “எனக்கு அது புதுசு மக்சிக், அம்மா சாப்பிட்டாங்க” என்று சொல்லட்டும்.

நீங்கள் சாப்பிட்டீர்கள்தானே? இல்லையென்றால் டப்பா போவதற்கு முன்னால் ஒரு வாயாவது எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.