நாகர்கோவிலில் பெங்கால் பூனை வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் எத்தனையாவது தலைமுறை என்று முதலில் கேளுங்கள். இது ஆசியச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து உருவாக்கிய இனம். முதல் மூன்று தலைமுறைகளில் காட்டுக் குணம் அதிகம், கடுவன்கள் பெரும்பாலும் மலடு, நான்காவதிலிருந்துதான் வீட்டுக்குச் சரிப்படும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிடைத்தது என்று யாராவது புள்ளிக் குட்டியை நீட்டினால் தொடவே தொடாதீர்கள், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அசல் சிறுத்தைப் பூனையாக இருக்கலாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, வைத்திருந்தாலே வழக்கு. அப்புறம், மடியில் தூங்கும் பூனை வேண்டுமென்றால் இது சரிவராது. ஏறும், தாவும், வாளித் தண்ணீரில் விளையாடும். ஓட்டு வீடென்றால் கூரை வழியாக அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போய்விடும் (சண்டை உங்களுக்குத்தான்). ஜன்னலுக்கு வலை அடித்து, ரேபிஸ் ஊசி போட்டு, தினமும் விளையாட ஆள் இருந்தால் வாங்குங்கள்.