கருவாட்டு வழக்கு: நோட்டீஸ் கைக்கு வந்தது எந்தத் தேதி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். இன்ஸ்டாகிராமில் கருவாடு விற்கிறார். கோவைக்காரர் ஒருவர் 1,480 ரூபாய்க்கு நெத்திலியும் சீலாவும் வாங்கி, பூஞ்சை பிடித்திருந்தது என்று கோவை நுகர்வோர் ஆணையத்தில் 50,000 நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். கூரியர்காரன் ஒன்பது நாள் வைத்திருந்தான், வாங்கியவர் ரீல்ஸ் போட்டு மானத்தை வாங்கினார், 'ரிட்டர்ன் கிடையாது' என்று பேஜிலேயே போட்டிருக்கிறேன், நான் ஏன் கோவைக்குப் போக வேண்டும், மானநஷ்ட வழக்குப் போடலாமா என்கிறார்.

தம்பி, மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நோட்டீஸ் கைக்கு வந்த தேதி மட்டும் அதில் இல்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். புகார் நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். கேட்டால் ஆணையம் இன்னும் 15 நாள் தரலாம். 46-ஆம் நாள் நீங்கள் எவ்வளவு நியாயத்தைக் கொண்டுபோனாலும் வாங்க மாட்டார்கள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-லேயே இதை முடித்துவிட்டது.

மற்றதெல்லாம் அப்புறம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது, அதனால் கோவை சரிதான். கெட்டுப்போன சரக்குக்கு 'ரிட்டர்ன் கிடையாது' செல்லாது. கூரியர் சண்டை உங்களுக்கும் அவனுக்கும் உள்ளது. ரீல்ஸை மறந்துவிடுங்கள். பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது உணவு விற்க அரசிடம் வாங்கும் பதிவு எண், இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை, எழுதாததே எனக்குப் பதில்.

இந்தக் கடற்கரையில் என்னிடம் வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் விழும் குழி வேறு. 'ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது' என்று கவரை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததாகத்தான் கணக்கு. இன்னொரு வகை இன்னும் பாவம். போனில் பேசி, ஜிபேயில் பணம் அனுப்பி, 'முடிஞ்சுது அண்ணே' என்று எனக்கே சொல்லிவிட்டுப் போவார்கள். ஆணையத்தில் யாரும் எதுவும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள், வழக்கு அது பாட்டுக்கு ஓடி, இவர்கள் பக்கத்தைக் கேட்காமலே ஒருதலைப்பட்ச உத்தரவு வந்து நிற்கும். மாவட்ட ஆணையம் தன் உத்தரவைத் தானே ரத்து செய்யாது. 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக வேண்டும், அதற்கும் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அதையும் விட்டுவிட்டு உத்தரவுப்படி பணமும் கட்டாமல் இருந்தால் அதே சட்டத்தின் 72-வது பிரிவு: குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, இல்லையென்றால் 25,000-லிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். கருவாட்டுக்கு ஜெயிலா என்று சிரிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போய்விடுங்கள். 1,480-ஐத் திருப்பிக் கொடுத்து, மேலே நாலாயிரம் ஐயாயிரம் சேர்த்துப் பேசிப் பாருங்கள். கோவைக்கு இரண்டு வாய்தா போய்வருவதற்கே அதைவிட அதிகம் ஆகும். ஆனால் பணம் கைமாறும் அன்றே இருவரும் கையெழுத்துப் போட்ட சமரச மெமோ ஆணையத்தில் தாக்கலாகி, புகார் வாபஸ் என்ற உத்தரவின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அதுவரை பேச்சு நடக்கிறதே என்று பதில் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். நோட்டீஸ் வந்து ஏற்கெனவே 30 நாள் தாண்டியிருந்தால், நாளைக்கே அந்த 15 நாள் அவகாசத்துக்கு மனுப் போடுங்கள்.