காதில் இயர்போன், பின்னால் அப்பா

கேள்வி: எனக்கு 36 வயது. பெரம்பூரில் மனைவி, மகள், அப்பா ஆகியோருடன் வசிக்கிறேன். ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரவு வேலை முடிந்ததும் ‘தி ஆஃபீஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்ப்பேன். கடைசி அத்தியாயம் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். இது எத்தனையாவது சுற்று என்பதே நினைவில்லை. இது ஒரு நோய் என்கிறாள் மனைவி. மனத்துக்கு ஓய்வு என்கிறேன் நான். சில நாட்களில் அப்பா பின்னால் வந்து சற்று நேரம் நின்று பார்ப்பார், என்ன கதை என்று கேட்பார். அவர் ஆண்டர்சன் தெருவில் காகித மொத்த வியாபாரக் கடையொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி நகைச்சுவை அவருக்குப் பிடிபடாது. அதனால் அவருக்குத் தொந்தரவில்லாமல் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். இத்தனை வருடமாகியும் அந்தத் தொடர் சலிக்காமல் இருப்பதற்கு என்ன காரணம்? நான் பார்ப்பதில் தவறில்லை என்று என் மனைவிக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்கள் மனைவிக்கு நான் எதையும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. கணவன் எதிலோ மூழ்கிக் கிடக்கிறான், மனைவி கோபிக்கிறாள், இது ஓய்வா நோயா என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்ற வழக்கு, சீட்டாட்டம், கிரிக்கெட், கைபேசி என்று பொருள் மட்டும் மாறி இந்தப் பகுதிக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஓய்வு என்று நான் சொன்னால் கடிதத்தை அவரிடம் காட்டுவீர்கள். நோய் என்று சொன்னால் கிழித்துப் போடுவீர்கள். எனவே அந்த வழக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளுக்கு வருகிறேன்.

நீங்கள் சுற்றுச் சுற்றாகப் பார்க்கிற தொடர் எங்கே நடக்கிறது? பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில், காகிதம் விற்கிற டண்டர் மிஃப்ளின் என்ற நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நடக்கிறது. ஒரு மேலாளர், சில விற்பனையாளர்கள், வரவேற்பு மேசையில் ஒரு பெண், மூலையில் மூன்று கணக்கர்கள். உங்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர் யார்? காகிதம் விற்கிற இடத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். இல்லாத ஒரு காகித நிறுவனத்தின் மூன்று கணக்கர்களில் யாருக்கு யாரோடு ஒத்துப்போகாது, யார் பூனை வளர்க்கிறார், யாருக்குக் கூட்டல் கணக்கே தடுமாறும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆண்டர்சன் தெருவில் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதியவரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். இந்த ஒற்றுமை கண்ணில் படாமலா இத்தனை சுற்றுப் பார்த்தீர்கள்? இந்தத் தொடர் அந்த வீட்டில் யாருக்காவது உங்களைவிட நன்றாகப் பிடிபடும் என்றால் அது அவருக்குத்தான். அவரைப் பற்றித்தான் பிடிபடாது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள்.

சலிக்காததற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் விடப் போவதில்லை. உங்கள் மீது நான் சுமத்தும் குற்றமே அதிலிருந்துதான் பிறக்கிறது. மூலத் தொடரை ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்டும் 2001இல் பிபிசிக்காக உருவாக்கினார்கள். அதுவும் இங்கிலாந்தின் ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித நிறுவனத்தில் நடந்த கதைதான். 12 அத்தியாயங்களிலும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லி 2003இல் முடித்துக்கொண்டார்கள். அதை அமெரிக்காவுக்கு ஏற்ப வடிவமைத்தவர் க்ரெக் டேனியல்ஸ். 2005 மார்ச் 24 அன்று என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த முதல் அத்தியாயம் மூலத்தின் வசனத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. ஆறே அத்தியாயங்கள் கொண்ட அந்த முதல் பருவத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை. மேலாளர் மைக்கேல் ஸ்காட்டை இரண்டாம் பருவத்தில் சற்று மாற்றி எழுதிய பிறகுதான் தொடர் நிலைத்தது. அதுவரை அவர் அசட்டுத்தனமும் ஆணவமும் சேர்ந்த ஒரு முதலாளித் தோரணைக்காரர். அதற்குப் பிறகு, தன்னிடம் வேலை பார்ப்பவர்களைத் தவிர வேறு சொந்தம் இல்லாத, அவர்கள் தன்மேல் பிரியமாக இருக்க வேண்டும் என்ற தவிப்பினாலேயே எல்லா அசட்டுத்தனங்களையும் செய்கிற மனிதர். 2013 மே 16 வரை ஒன்பது பருவங்கள், 201 அத்தியாயங்கள் ஓடியது அந்த மாற்றத்தின் பலத்தில்தான். (மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெல் ஏழாம் பருவத்தில் விலகிய பிறகு வந்த இரண்டு பருவங்களும் இழுத்து நீட்டியவை என்பது என் கருத்து, உங்களைப் போன்ற பக்தர்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.)

ஒளிபரப்பு முடிந்து ஏழு வருடம் கழித்து, 2020இல், அமெரிக்காவில் இணையவழியில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட தொடர் இதுதான் என்று, பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல். பெருந்தொற்றினால் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த வருடம் அது என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்கும் இந்தத் தொடரில் பெரிய சம்பவங்கள் என்று எதுவும் கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆவணப்படக் குழுவொன்று அலுவலகத்தைப் படம் பிடிப்பதாக ஒரு பாவனை. யாராவது அபத்தமாக எதையேனும் சொல்வார்கள், கேமரா எதிரில் இருப்பவரின் முகத்துக்குத் தாவும், அவர் ஒரு கணம் கேமராவைப் பார்ப்பார், சிரிப்பு நமக்குத் தானாக வந்துவிடும். கூட்டம் நடக்கும்போது விற்பனையாளர் ஸ்டான்லி தலையைத் தூக்காமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு விற்பனையாளரான ஃபிலிஸாக நடித்த ஃபிலிஸ் ஸ்மித், நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். தேர்வுக்கு வந்தவர்களுக்கு எதிர்வசனம் படித்துக்கொண்டிருந்தவரையே அழைத்து ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நட்சத்திர அழகு எதுவும் இல்லாத, எந்த அலுவலகத்திலும் தென்படக்கூடிய முகங்கள். உலகத்தின் கணக்கில் சற்றும் முக்கியமில்லாத ஓர் இடத்தில், வருடக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழும் மனிதர்களை அந்தக் கேமரா ஒன்பது பருவங்களுக்குப் பொறுமையாகக் கவனித்தது. ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து, அவர்கள் சொன்ன அற்ப விஷயங்களையும் அக்கறையோடு கேட்டது. அந்தக் கவனிப்பைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போகிறீர்கள். நகைச்சுவைத் துணுக்கை இரண்டாம் தடவை கேட்டாலே அலுத்துவிடும்.

இனி உங்களிடம் கேட்கிறேன். அந்தக் கேமரா ஸ்டான்லிக்குச் செய்ததை, உங்கள் அப்பாவுக்கு என்றைக்காவது நீங்கள் செய்திருக்கிறீர்களா? அவர் எழுதிய கணக்கு வெறும் கூட்டலும் கழித்தலும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். பள்ளிகள் திறப்பதற்கு முன்பு நோட்டுப் புத்தகக்காரர்கள் ரீம் ரீமாகச் சரக்குக் கேட்டு நெருக்கும் மாதங்களை அவர் பார்த்திருப்பார். சிவகாசியிலிருந்து வர வேண்டிய பாக்கிக்காக எத்தனை கடிதம் எழுதியிருப்பார்? ஐப்பசி மழையில் ஈரம் ஏறிப்போன மேப்லித்தோ அச்சுத்தாள் கட்டுகளைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றிருப்பார். தாளைத் தொட்ட மாத்திரத்தில் அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் உண்டு. உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பெரிய சங்கிலிக் கடைகளும் கணினியும் சேர்ந்து டண்டர் மிஃப்ளினை நெருக்கி, ஆறாம் பருவத்தில் ஓர் அச்சு இயந்திர நிறுவனத்திடம் அது கைமாறியபோது, அந்த ஊழியர்களின் வேலை என்னவாகுமோ என்று நீங்கள் பதறியிருப்பீர்கள். பேரேட்டை மூடி வைத்துவிட்டு அப்பாவின் கடையில் கணினியைக் கொண்டுவந்து வைத்த நாளில், ஐம்பதை நெருங்கிய அந்த மனிதர் என்ன செய்தார், யாரிடம் கற்றுக்கொண்டார், பயந்தாரா? அப்போது நீங்கள் அதே வீட்டில்தான் இருந்தீர்கள்.

அவருக்குத் தொந்தரவில்லாமல் இயர்போன் மாட்டிக்கொண்டேன் என்று எழுதியிருப்பது எனக்குக் கடும் கோபத்தை உண்டாக்கியது. தொந்தரவு யாருக்கு? அவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, எழுந்து வந்து, உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, என்ன கதை என்று கேட்டார். நாள் முழுவதும் அறைக்கதவை மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஓர் அலுவலகத்தோடு பேசும் மகனிடம், வேறு எதைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் திரையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக நீங்கள் காதை அடைத்துக்கொண்டு, அதை அவருக்குச் செய்த உபகாரமாக என்னிடம் எழுதுகிறீர்கள். பெற்றவர்களைக் கடைசிவரை தம்மோடு வைத்துக் காப்பாற்றுவது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது பழங்காலத்துப் பேச்சு என்பவர்களோடு வாதாடவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வீட்டில் இடம் கொடுத்து, வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து, பேச்சில் மட்டும் இடம் கொடுக்காமல் விட்டால், அவர் உங்கள் வீட்டில் வாடகை தராத குடித்தனக்காரரைப் போலக் காலம் தள்ள வேண்டியதுதான். அதைக் கடமையைச் செய்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்கிறேன். இரண்டாம் பருவத்தில், 2006இல் வந்த ஓர் அத்தியாயத்தில், ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்து வருகிறார்கள். அப்பாவும் அம்மாவும் எங்கே உட்காருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கின்றன. தான் சிறுவனாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய பழைய ஒளிநாடாவை மைக்கேல் பெருமையோடு போட்டுக் காட்டுகிறார். அதில் அந்தச் சிறுவன், பெரியவனானதும் நூறு குழந்தைகள் பெற்றுக்கொள்வேன், அப்போது எனக்கு நூறு நண்பர்கள் இருப்பார்கள், ஒருவராலும் நண்பனாக இருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது என்கிறான். அறையே அடங்கிப் போகிறது. உங்களுக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைத்திருக்கும். உங்கள் அப்பாவுக்குப் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் காதில் இயர்போன் இருக்கிறது.

மூன்றாம் பருவத்தில், வரவேற்பு மேசையில் இருக்கும் பாம் தன் ஓவியங்களைக் கண்காட்சியில் வைத்து எல்லோரையும் அழைக்கிறாள். பெரும்பாலானவர்கள் வரவில்லை, வந்த ஒருவர் அது விடுதிச் சுவரில் மாட்டும் படம் என்று அவள் காதுபடச் சொல்லிவிடுகிறார். எல்லாம் கட்டிவைக்கும் நேரத்தில் மைக்கேல் வருகிறார். தங்கள் அலுவலகக் கட்டடத்தை அவள் வரைந்த படத்தின் முன் நின்று, மனதார வியந்து, விலைகொடுத்து வாங்கிக்கொண்டு போய் அலுவலகச் சுவரில் மாட்டுகிறார். தொடரின் கடைசி அத்தியாயத்தில் பாம் கழற்றி எடுத்துக்கொண்டு போகும்வரை அது அங்கேதான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாருக்கும் தோன்றாதது, ஊரே கேலி செய்யும் அந்த அசடருக்குத் தோன்றியது: வந்து நின்று பார்க்க வேண்டும், இதைச் செய்தது நீயா என்று கேட்க வேண்டும். நீங்கள் அந்தக் காட்சியில் யாருடைய இடத்தில் இருக்கிறீர்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பதாம் பருவத்தில் பாமின் கணவன் ஜிம் புதிய தொழிலுக்காக ஃபிலடெல்ஃபியாவில் தங்கிவிடுகிறான். மகளின் நடன நிகழ்ச்சிக்கு வர முடியாமல், அதைச் சரியாகப் படம் பிடிக்கவில்லை என்று மனைவியிடம் தொலைபேசியில் எரிந்து விழுகிறான். நீங்கள் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அதே தொலைவுக்குப் போய்விட்டீர்கள் என்பதுதான் உங்கள் மனைவியின் புகாராக இருக்கும். உங்கள் கடிதத்திலும் மகள் ஒரே ஒரு சொல்லாகத்தான் வருகிறாள்.

தொடரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இயர்போனைக் கழற்றிவிட்டு, அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். முதல் பருவத்தைத் தவிர்த்து இரண்டாம் பருவத்திலிருந்து தொடங்குங்கள். பெற்றவரோடு உட்கார்ந்து பார்க்கத் தகாத அத்தியாயங்கள் எவை என்பது உங்களுக்குத் தெரியும், அவற்றைத் தாண்டிவிடுங்கள். விளங்காத இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். எங்கள் கடையிலும் இப்படி ஒருவன் இருந்தான் என்று அவர் தொடங்கினால், அப்போதும் நிறுத்துங்கள்; அன்றைக்கு அந்த அத்தியாயம் முடியாமல் போனாலும் போகட்டும், அதன் முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு ஒரு நாள் அவரை அழைத்துக்கொண்டு ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தா எங்கே உட்கார்ந்தார் என்று அவளும் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கடைகள் மூடிக் கிடக்கும். வேலைநாளாகப் பார்த்து விடுப்பு எடுங்கள். அமெரிக்காவிலிருந்து காரணம் கேட்டால், என் அப்பாவின் அலுவலகத்துக்குப் போகிறேன் என்றே எழுதிக் கொடுங்கள்.